பரீட்சைக்கு முன்னே வந்த வாழ்த்து

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் குதிரைப் படம் போட்ட காலண்டர் ஒன்று தொங்குகிறது. அதன் நாள் கட்டங்களில் எழுதுவது என் பழக்கம். குழாயில் தண்ணீர் வராத நாள், அண்ணனுக்கு ஷிப்ட் மாறிய நாள், எதிர்வீட்டுச் சீனக் குடும்பம் காலிசெய்துகொண்டு போன நாள் எல்லாம் அதில் இருக்கும். நடந்ததை நடந்த நாளில் எழுதிவிட வேண்டும். மறுநாள் எழுதினால் நினைவு தன் இஷ்டத்துக்கு ஏதாவது சேர்த்துவிடும்.

சென்ற ஆண்டு சரஸ்வதி பூசைக்கு முந்தைய வாரம், ஒரு நாள் கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனாவோடு நின்றேன். என் அண்ணன் மகளுக்கு அன்று காலை கைப்பேசியில் ஒரு வாழ்த்துச் செய்தி வந்திருந்தது. கோலாலம்பூர் பக்கத்திலிருக்கும் தனியார் பல்கலைக்கழகம் ஒன்று, மருந்தியல் படிப்பதற்கு முன்னால் படிக்க வேண்டிய அடித்தள வகுப்பில் அவளுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. திறமையைப் பாராட்டி உபகாரச் சம்பளமும் உண்டாம். அவளோ அப்போது ஐந்தாம் படிவ மாணவி. பள்ளிப் படிப்பை முடித்துவைக்கும் எஸ்.பி.எம். பரீட்சையை அவள் இன்னும் எழுதவில்லை. அதற்கு ஒத்திகையாகப் பள்ளியில் வைத்த டிரையல் தேர்வு மதிப்பெண்களைப் பார்த்தே வாழ்த்தியிருந்தார்கள்.

"இடம் கிடைத்தது" என்று எழுதலாமா? எனக்குத் தெரியவில்லை. அரசர்களின் மெய்க்கீர்த்திகளைப் படித்திருக்கிறேன். அதில் எவ்வளவு மிகை இருந்தாலும், போர் முடிந்த பிறகுதான் வெற்றியைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இங்கே போர் நவம்பரில். வெற்றி அக்டோபருக்கு முன்பே வந்துவிட்டது. கடைசியில் "செய்தி வந்தது" என்று மட்டும் எழுதினேன்.

நான் அண்ணன் குடும்பத்தோடு ஈப்போவில் வசிக்கிறேன். நில அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அண்ணன் சுண்ணாம்புக்கல் குவாரியில் இயந்திரம் ஓட்டுகிறார். அண்ணிக்குத் தொழிற்சாலைக் கேன்டீனில் சமையல் வேலை. நாங்கள் மூவருமே கோப்பெங்கைத் தாண்டித் தாப்பா போகும் வழியில், இப்போது வீடமைப்புத் திட்டமாகிவிட்ட ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். மூவரில் ஒருவரும் பல்கலைக்கழக வாசலை மிதித்ததில்லை. நான் மிதித்திருக்கிறேன், ஒருமுறை, பழைய புத்தகக் கண்காட்சிக்கு.

அண்ணன் மகளின் ஆசை மருந்தியல் இல்லை. நான்காம் படிவத்தில் பள்ளிச் சுற்றுலாவுக்காகக் கோப்பெங் பக்கம் ஒரு குகைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே வழிகாட்டியாக வந்தவர், இந்தச் சுண்ணாம்பு மலைகள் எல்லாம் ஒரு காலத்தில் கடலடியில் படிந்தவை என்று சொல்லியிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்தவள் காலுறையைக்கூடக் கழற்றாமல் பின்வாசலில் நின்று எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் தெரியும் மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதிலிருந்து நிலவியல்தான் படிப்பேன் என்கிறாள். வீட்டில் அதற்குக் கல்லுப் படிப்பு என்று பெயர்.

அவளை வாழ்த்திய இடத்தில் கல்லுப் படிப்பு கிடையாது. எங்களுக்குத் தெரிந்தவரை அது அரசாங்கப் பல்கலைக்கழகங்களில்தான் இருக்கிறது. அதற்கு அவள் காத்திருக்க வேண்டும். பரீட்சை எழுதி, முடிவு வந்து, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் வகுப்போ ஆறாம் படிவமோ முடித்து, பிறகு விண்ணப்பித்து, கேட்ட பாடம் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கடைசிப் படியைத்தான் எங்கள் ஆட்கள் நம்புவதில்லை. நல்ல மதிப்பெண் இருந்தும் கேட்டது கிடைக்காமல் போன பிள்ளைகளின் கதை ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. வந்த வாழ்த்திலோ அக்டோபர் மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டி இடத்தை உறுதிசெய்யச் சொல்லியிருந்தது. கட்டினால் மருந்தியல். கட்டாவிட்டால் தெரியாது. அவள் மலைப்பக்கம் போக முடியுமா முடியாதா என்பது பரீட்சைக்கு முன்பே முடிவாக வேண்டியதாகிவிட்டது.

உபகாரச் சம்பளம் என்ற சொல்லை அந்த வாரம் அடிக்கடி யோசித்தேன். சம்பளம் என்றால் வேலை செய்து வாங்குவது. உபகாரம் என்றால் ஒருவர் மனமிரங்கிக் கொடுப்பது. இரண்டையும் யார் எப்போது ஒன்றாக ஒட்டினார்கள் என்று தேடிப் பார்த்தேன், தெரியவில்லை. அண்ணனிடம் கேட்டதற்கு, எதுவாக இருந்தாலும் பாதிக் கட்டணத்துக்குத்தானே தருகிறார்கள், மீதிப் பாதிக்கு என் சம்பளம்தானே என்றார்.

அண்ணி அந்தச் செய்தியைத் திருப்பித் திருப்பிப் படித்தார். ஆங்கிலம் முழுதும் புரியாத இடங்களை மகளைச் சொல்லச் சொன்னார். பிறகு, சந்தோஷத்தில், அதை எங்கள் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டார். தோட்டம் போய்விட்டாலும் அதன் மாரியம்மன் கோயில் இருக்கிறது, கோயிலுக்கு ஒரு குழு இருக்கிறது, குழுவில் ஈப்போவிலிருந்து சித்தியவான்வரை சிதறிக்கிடக்கும் எல்லாரும் இருக்கிறார்கள். காலை வணக்கமும் பூப் படமும்தான் அதில் பெரும்பாலும் வரும். அன்று கைகூப்பும் படங்களாக வந்து குவிந்தன. செய்தியோடு வந்த கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் "நிபந்தனைக்கு உட்பட்டது" என்று இருந்ததை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. நவராத்திரியில் ஒவ்வொரு நாள் பூசையும் தோட்டத்து வீட்டு வரிசைகளான பழைய லயங்களில் ஒன்றின் உபயம். சரஸ்வதி பூசை மேட்டு லயத்தாருடையது. அன்று பரீட்சை எழுதப் போகும் பிள்ளைகள் பேனாவைத் தாம்பாளத்தில் வைத்து எடுத்துப் போவார்கள். அந்த வருஷம் மேல்படிப்புக்குப் போனவர்களுக்கு மேடையில் பொன்னாடை போர்த்துவார்கள். இது எந்த வருஷம் ஆரம்பித்தது என்று பலரைக் கேட்டிருக்கிறேன். தோட்டத்தில் முதன்முதலில் ஐந்தாம் படிவம் தேறியவருக்குத் துண்டு போர்த்தியபோது என்று ஒருவர் சொல்வார். அது துண்டே இல்லை, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மனைவி கொடுத்த மேசைவிரிப்பு என்று இன்னொருவர் சொல்வார். வருஷத்தில் எவரும் ஒத்துப்போவதில்லை. ஆனால் ஒன்றில் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள்: தேறிய பிறகுதான் போர்த்துவார்கள்.

சரஸ்வதி பூசையன்று சாயங்காலம் அண்ணனின் காரில் போனோம். பெரிய சாலையிலிருந்து கோயிலுக்குத் திரும்பும் இடத்தில் என் அண்ணன் மகள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், பேனரில். மருந்தியல் பட்டம் பயில முழு உபகாரச் சம்பளம் பெற்ற எங்கள் தோட்டத்துச் செல்வி என்று போட்டு, கீழே கோயில் நிர்வாகக் குழுத் தலைவரின் படத்தையும் போட்டிருந்தார்கள். தலைவர் தாப்பாவில் டயர் கடை வைத்திருப்பவர். போன வருஷம் பக்கத்துத் தோட்டத்துக் கோயிலில் மருத்துவம் படிக்கப் போன ஒரு பிள்ளைக்குப் பேனர் கட்டியிருந்தார்கள். அது அவர் கண்ணை விட்டுப் போகவே இல்லை என்று பிறகு தெரிந்தது.

அண்ணன் காரை ஓரமாக நிறுத்தினார். அவள் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, முழுவதையும் படித்தாள்.

"அத்தே, இதுல என் போட்டோவத் தவிர எதுவுமே உண்மை இல்ல."

"போட்டோவும் மூணாம் படிவத்துல எடுத்தது" என்றார் அண்ணன்.

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. சும்மா ஒரு பொன்னாடைதானே, வாங்கிக்கொள், மற்றதை வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் எனக்கு அந்த இடத்தில்தான் விஷயம் முழுதாக விளங்கியது. வாங்கிக்கொண்டால், பிறகு பேச ஒன்றும் மிஞ்சாது. பொன்னாடை போர்த்திய பிள்ளை போகவில்லை என்றால் சித்தியவான்வரை காரணம் கேட்பார்கள். முன்பணத்தை அண்ணன் கட்டுவதற்கு முன் கோயிலே கட்டிவிட்டது போல ஆகிவிடும். அவளும் இதை யோசித்திருக்க வேண்டும். கோயிலுக்குள் போனதும் பேனாவை மட்டும் எடுத்துத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு, பெண்கள் பக்கம் என்னோடு வந்து உட்கார்ந்தாள்.

பூசை முடிந்ததும் தலைவர் மைக்கைப் பிடித்தார். தோட்டத்துக்குப் பெருமை, நம் பிள்ளைகளும் முடியும் என்று நிரூபித்துவிட்டாள் என்றெல்லாம் பேசிவிட்டு அவளை மேடைக்கு அழைத்தார். அவள் போனாள். மஞ்சள் சரிகை போட்ட பொன்னாடையை அவர் போர்த்தினார். கைதட்டினோம். அவள் அதைத் தோளிலிருந்து எடுத்து, நான்காக மடித்து, பேனாக்கள் இருந்த தாம்பாளத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். தலைவரிடம் தாழ்ந்த குரலில்தான் பேசினாள். ஆனால் அவர் கையில் மைக் திறந்தே இருந்தது.

"பெரியப்பா, நான் இன்னும் பரீட்சை எழுதல. என்ன படிக்கப் போறேன்னும் முடிவு பண்ணல. இது இங்கயே இருக்கட்டும். ரிசல்ட் வரட்டும், வந்து வாங்கிக்கிறேன்."

அவளுடைய குரலில் எதிர்ப்பு ஏதும் இல்லை. கடையில் ஒரு பொருளை எடுத்து வைக்கச் சொல்கிறவள் போலச் சொன்னாள். தலைவர் மைக்கைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த, முன்னாளில் பால் மரம் வெட்டிய ஓர் அக்கா குரல் கொடுத்தார்.

"பரீட்சைக்கு முந்தியே போத்துனா புழுங்கும் லா, தலைவரே."

கூடம் சிரித்தது. தலைவரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். அப்ப அந்தப் பேனருக்கு நான் கட்டுன காசு என்று முனகியதும் மைக்கில் கேட்டது. மடித்து வையுங்கள் அண்ணே, அடுத்த வருஷம் ஆகும் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். சாப்பாட்டுப் பந்தியில் அவரே வந்து அவள் இலையில் கூடுதலாக ஒரு வடை வைத்தார். கோபம் இல்லை என்று சொல்வதற்கு அவரிடம் இருந்த வழி அது.

திரும்பும்போது காரில், கோப்பெங் தாண்டிய பிறகு அண்ணி, முன்னிருக்கையிலிருந்து திரும்பாமலே பேசினார்.

"இதுவரைக்கும் நம்ம குடும்பத்துல யாரையும் ஒரு எடம் வான்னு கூப்பிட்டதில்ல. நாமதான் போயி நின்னுருக்கோம். பள்ளிக்கூடத்துல, ஆஸ்பத்திரில, ஆபீஸ்ல. இதான் மொதல் தடவ. அத நான் நாலு பேருக்குச் சொன்னது தப்பா?"

மகள் கையை முன்னால் நீட்டி அம்மாவின் தோளில் வைத்தாள். நான் இதற்கு முன் இந்தக் கோணத்தில் யோசித்திருக்கவில்லை. பரீட்சைக்கு முன்பே வாழ்த்து எப்படி வரலாம் என்ற கேள்வியையே நான் புரட்டிக்கொண்டிருந்தேன். அண்ணிக்கு அது எப்போது வந்தது என்பது பொருட்டில்லை. வந்தது என்பதே போதும். அந்த மரியாதையைத் திருப்பிக் கொடுப்பது அவருக்குக் கை வராத காரியம்.

மறுவாரம் அண்ணியே அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆலோசகருக்குத் தொலைபேசி போட்டார். ஈப்போவில் ஒரு பேரங்காடியில் நடந்த கல்விக் கண்காட்சியில் மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு போனவர் அவர்தான். சித்தியவான்காரர், இளைஞர், நன்றாகத் தமிழ் பேசுவார். ஒலிபெருக்கியில் போட்டு எல்லாரும் சுற்றி உட்கார்ந்தோம். பரீட்சை முடிவு வந்த பிறகும் விண்ணப்பிக்கலாம், அப்போது வாங்கும் ஏ-க்களைப் பார்த்து அப்போதைய உபகாரச் சம்பளம் கிடைக்கும், ஆனால் இந்த இடம் அப்போது காலியாக இருக்கும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். நேர்மையான பதில். அண்ணி விடவில்லை. உன் தங்கச்சியாக இருந்தால் என்ன செய்யச் சொல்வாய் தம்பி என்று கேட்டார்.

"அந்தக் கேள்விய மட்டும் கேக்காதீங்க அக்கா. இது ஆபீஸ் போன்."

அதையே அண்ணியும் மகளும் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டார்கள். இரண்டு நாள் அதைப் பற்றித்தான் வாதம்.

அண்ணன் அதிகம் பேசாதவர். மாதக் கடைசி நெருங்கியபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளோடு பின்வாசலில் உட்கார்ந்து கேட்டார்.

"தெனம் அந்தக் கல்லத்தான் ஒடைக்கிறேன். அதப் படிக்க யுனிவர்சிட்டிக்குப் போவணுமா?"

"நீங்க ஒடைக்கிறதுக்கு முந்தி அது என்னவா இருந்துச்சுன்னு தெரியணும்பா."

"தெரிஞ்சு?"

"தெரியல. தெரிஞ்ச பெறகுதான் தெரியும்."

அவர் அதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு மலைப் பக்கம் பார்த்தபடி, மருந்துக் கடை என்றால் ஏர்கோன் இருக்கும், உன் கல்லுக்கு வெயில்தான் என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். அது சம்மதமா மறுப்பா என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

உறுதிசெய்ய வேண்டிய கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. பணம் அனுப்புவது அண்ணன் பொறுப்பு என்று பேசிவைத்திருந்தோம். அனுப்பலாம் என்றோ வேண்டாம் என்றோ யாரும் அவரிடம் தீர்மானமாகச் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் சொல்வார் என்று விட்டிருந்தோம். அன்று அவர் வேலை முடிந்து வந்து குளித்துச் சாப்பிட்டார். அண்ணி கேட்டபோது, வங்கிச் செயலி வேலை செய்யவில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றார். அண்ணி கைப்பேசியைக் கேட்டு வாங்கவில்லை. மகள் தலை நிமிரவில்லை. செயலி உண்மையில் வேலை செய்யவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் இயல்புக்கு, கேட்டுக் குறித்துவைத்திருக்க வேண்டும். கேட்கவில்லை.

அன்று முதல் அண்ணி கொஞ்சம் அடங்கிப்போனார். சமையல் நடந்தது, துணி காய்ந்தது, மகளுக்குப் படிக்கும் மேசைக்கு மைலோ பானம் போனது. ஆனால் கேன்டீனிலிருந்து வந்ததும் அன்றைய கதைகளைச் சொல்வாரே, அது நின்றுபோனது. அவர் மகளை ஒரு வார்த்தை குறைசொல்லவில்லை. மகளுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் என்னிடம் வந்து, மருந்தியலே படிக்கட்டுமா அத்தே, அம்மா பழையபடி பேசுவாங்க இல்ல என்று கேட்டாள். பாடநூலில் விரலை வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தை விடாமல் கேட்டாள். உன் அம்மாவிடம் கேள் என்றேன். அவள் கேட்கவில்லை.

பரீட்சைக்குச் சில நாட்களே இருந்த ஒரு சனிக்கிழமை காலையில், நானும் அண்ணியும் சமையலறையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். மகள் கைப்பேசியோடு வந்து நின்றாள். பல்கலைக்கழகத்திலிருந்து மறுபடியும் செய்தி. வாழ்த்துகள், உங்களைப் போன்ற சிறந்த மாணவருக்காக உறுதிசெய்யும் தேதியைப் பெரிய மனதோடு நீட்டித்திருக்கிறோம், இது உங்களுக்கே உரிய வாய்ப்பு. அவள் வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, அண்ணி கத்தியைக் கீழே வைத்தார்.

"நீட்டிச்சிட்டாங்களா?"

நீட்டித்திருக்கிறார்கள் என்றாள் மகள். அதோடு, மறைக்காமல் இன்னொன்றையும் சொன்னாள். டயர் கடைப் பெரியப்பாவின் மகனுக்கும் இதே செய்தி வந்திருக்கிறதாம். அவளோடு படிக்கிற, கணக்கில் கரையேறத் தவிக்கிற இன்னொரு தோழிக்கும் வந்திருக்கிறதாம். உபகாரச் சம்பளத்தின் அளவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

அண்ணியின் முகத்தை நான் பார்த்தேன். வருத்தமா ஏமாற்றமா என்று சொல்லத் தெரியவில்லை. பயற்றங்காய்த் துண்டு ஒன்றை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப நம்மள மட்டும் கூப்பிடல."

"நெறைய பேரக் கூப்பிடுறாங்கம்மா. ஆனா நம்மளயும் கூப்பிட்டாங்க. அது பொய்யில்ல."

அண்ணி உருட்டிக்கொண்டிருந்த துண்டைக் கிண்ணத்தில் போட்டார். பிறகு தலையை ஆட்டினார். அந்தத் தம்பிக்கு ஒரு பதில் போடு, பாவம், அவன் வேலை அது என்றார். என்ன போடுவது என்று மகள் கேட்டபோது அவள் விரல் திரைமேல் காத்திருந்தது. அவள் கண் அம்மாவை விட்டு நகரவில்லை.

"பிள்ளைக்குப் பரீட்சை இருக்கு, எழுதிட்டு வரட்டும், வேணும்னா நாங்களே கூப்பிடுறோம்னு போடு. மரியாதையாப் போடு. கூப்பிட்டதுக்கு நன்றின்னும் போடு."

அவள் ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் படித்துக்காட்டினாள். நன்றி முதலில் வரட்டும் என்று அண்ணி ஒரு திருத்தம் சொன்னார். மாற்றி அனுப்பினாள். எதிர்முனையில் அந்தச் சித்தியவான் இளைஞர் அதைப் படித்துச் சிரித்திருப்பாரா, பெருமூச்சு விட்டிருப்பாரா என்று எனக்கு ஆவலாக இருந்தது. ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது.

மகள் தன் மேசைக்குப் போகத் திரும்பினாள். அண்ணி மீண்டும் கத்தியை எடுத்தவர், வெட்டாமல், அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஆமா, அந்தக் கல்லுப் படிப்பு எத்தன வருஷம்?"

நான்கு என்றாள் அவள், கதவருகே நின்றபடி. பொம்பளப் பிள்ளைகள் அதில் படிக்கிறார்களா என்று அடுத்த கேள்வி வந்தது. படிக்கிறார்கள். மலை ஏற வேண்டியிருக்குமா? இருக்கும். பாம்பு? இருக்கலாம். முடித்தால் எங்கே வேலை? அவள் உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, எங்களோடு உட்கார்ந்தாள். அண்ணி ஒரு பிடி பயற்றங்காயை அவள் பக்கம் தள்ளினார். நறுக்கிக்கொண்டே சொல்லு என்றவர், அடுத்ததையும் கேட்டார்: நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மலை கடலில் இருந்ததென்றாயே, அந்தக் கடல் எங்கே போனது?